உழவர் வீட்டில் தங்கப் போகிறீர்களா? விருந்தாளியா, வேலையாளா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை பார்க்கும் பெண். சேர்த்துவைத்த விடுப்பு மூன்று வாரம். முதுகுப்பை ஒன்றை மாட்டிக்கொண்டு தனியாக வெளிநாடு போக வேண்டும், ஆனால் ஓட்டல் ஓட்டலாக மாறிக்கொண்டிராமல் ஏதாவது ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்தோடு சில நாள் இருந்து பார்க்க வேண்டும். முட்டைகூடத் தொடாத சைவம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வளர்ந்த அம்மா, தனியாக அனுப்பத் தயங்குகிறார். எந்த நாட்டுக்குப் போவது, வீடு எப்படிப் பிடிப்பது, பணம் கொடுப்பதா வேலை செய்வதா, விசாவில் சிக்கல் வருமா என்பவை உங்கள் கேள்விகள்.

பணமா வேலையா என்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கான விடைகள் அதிலிருந்துதான் பிரிகின்றன. வெளிநாட்டார் உழவர் வீட்டில் தங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரவுக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு விருந்தாளியாக இருப்பது. மற்றொன்று, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் பண்ணை வேலை செய்து, அதற்கு ஈடாகச் சோறும் படுக்கையும் பெறுவது. இரண்டாவது வழிக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் வூஃப். 1971இல் லண்டனில் அலுவலகச் செயலாளராக இருந்த சூ கோப்பர்ட் என்ற பெண்மணி, வார இறுதியில் கிராமத்துப் பக்கம் போய்வர வழி தேடி, சசெக்ஸ் பகுதியில் இயற்கை முறையில் பயிர் செய்த ஒரு பண்ணைக்குச் சிலரைச் சேர்த்துக்கொண்டு போனதில் அது தொடங்கியது. இன்று பல நாடுகளில் தனித்தனி அமைப்புகளாக நடக்கிறது. சந்தா கட்டினால் அந்த நாட்டுப் பண்ணைகளின் பட்டியல் கைக்கு வரும். வொர்க்அவே, ஹெல்ப்எக்ஸ் ஆகிய இணையதளங்களும் ஏறத்தாழ இதே ஏற்பாடுதான் என்றாலும், அவற்றில் பண்ணை வேலையோடு தங்கும் விடுதி வேலை, குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை என்று எல்லாம் கலந்து கிடக்கும்.

இந்த வகையில் நான் கேட்ட மனக்கசப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவை. வேலைக்கு வருவதாக ஒப்புக்கொண்டு போனவர், மூன்றாம் நாள் "மலை ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்பினால், அந்த நாளில் ஓர் ஆள் குறைவது அந்த வீட்டுக்குத்தான். பணம் கொடுத்துப் போனவரோ, தமக்காக யாராவது உடன் இருந்து எல்லாவற்றையும் விளக்குவார்கள் என்று எதிர்பார்க்கிறார். வீட்டில் உள்ள அத்தனை பேரும் விடியுமுன் வயலுக்குப் போய்விட்டதைப் பார்த்து ஏமாந்துபோகிறார். மூன்று வாரத்தில் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டு அந்தக் குடும்பத்துக்குப் பயன்படும் அளவுக்கு நாம் தேறுவதில்லை என்பதே என் அனுபவம். ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை முதல் வழி: பணம் கொடுங்கள், விருந்தாளியாக இருங்கள், அவர்களாக அழைத்தால் மட்டும் வேலையில் கை வையுங்கள்.

விசாவும் அதைத்தான் சொல்கிறது. சம்பளம் வாங்காவிட்டால் அது வேலை ஆகாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சோற்றுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாகச் செய்வதைப் பல நாடுகள் வேலையாகவே கருதுகின்றன. பிரிட்டனில் பார்வையாளர் விசாவில் போனவர், பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், அதுவும் 30 நாளுக்கு மிகாமல் தொண்டூழியம் செய்யலாம். தனியார் பண்ணையில் களை பிடுங்குவது அதில் அடங்காது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் வரை இருக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் விண்ணப்பத்தில் சுற்றுலா என்று எழுதிவிட்டு, விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி கேட்கும்போது "பண்ணையில் உதவப் போகிறேன்" என்று வெள்ளந்தியாகச் சொல்வது வம்பை விலைக்கு வாங்குவது. பொய் சொல்லச் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டியிராத ஏற்பாட்டைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். முறைப்படி வேலையும் பயணமும் சேர்ந்தே வேண்டும் என்றால் ஆஸ்திரேலியாவின் 462 வகை விசா 2024இல் இந்தியர்களுக்கும் திறந்தது: வயது 18 முதல் 30 வரை, ஆண்டுக்கு 1,000 இடம், குலுக்கலில் பெயர் வர வேண்டும். அது மூன்று வார விடுப்புக்கு உரியதன்று.

இனி நாடு. முதல் முறை போகும் சைவருக்கு நான் தயங்காமல் சொல்வது நேபாளம். "அது வெளிநாடா?" என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்; செய்துவிட்டுப் போகட்டும். நமக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போகப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும்; ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள், உங்கள் வயதினருக்கு அதை ஏற்பதில்லை. சென்னையிலிருந்து டெல்லி வழியாகக் காத்மாண்டு போய், அங்கிருந்து பேருந்தில் பொக்கரா பக்கம் போனால், கிராமத்து வீட்டில் தங்கும் ஏற்பாடு நன்றாகப் பழகிப்போன மலையூர்கள் கிடைக்கும். சியாங்ஜா மாவட்டத்தில் சிருபாரி என்ற குருங் இனத்தார் ஊரில் 1997இலேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். லம்ஜுங் மாவட்டத்துக் கலே காவுன் அடுத்துப் பெயர் பெற்றது. இந்த ஊர்களில் நீங்கள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர்க் குழுவிடம் போய்ச் சேர்கிறீர்கள். அவர்கள் முறை வைத்து இந்த வாரம் எந்த வீட்டின் முறையோ அந்த வீட்டுக்கு உங்களை அனுப்புவார்கள். கட்டணமும் குழு வைத்ததுதான். நன்றாக ஆங்கிலம் பேசும் ஒரே வீட்டுக்கே எல்லாப் பணமும் போய்ச் சேராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கும் இது பாதுகாப்பு, ஏனென்றால் உங்களுக்குப் பொறுப்பு ஒரு குடும்பம் மட்டுமன்று, அந்த ஊரே.

சாப்பாட்டில் உங்களுக்கு அங்கே கவலையே வேண்டாம். காலை பத்து மணிவாக்கில் ஒரு முறை, இரவு ஒரு முறை, சோறு, பருப்பு, கீரை, ஊறுகாய். நடுவில் அவலோ பொரித்த சோளமோ. அங்கே கோதோ என்று சொல்லும் தானியம் நம் கேழ்வரகுதான். அந்த மாவைக் கொதிநீரில் கொட்டி, மரக்கரண்டியால் கட்டி விழாமல் கிளறி இறக்கும் திண்டோ, நம் வட ஆற்காட்டுப் பக்கத்துக் களியேதான். மெல்லாமல் உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுகூட அப்படியே. நான் முதல் நாள் இரவு யாரும் சொல்லித்தராமல் அப்படி விழுங்கியதைப் பார்த்து அந்த வீட்டு அம்மாள் அடுக்களையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். வெறும் களி தின்றதற்காக வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

எச்சில் பார்ப்பது அங்கேயும் உண்டு; ஜூட்டோ என்பார்கள். உங்கள் தட்டில் தொட்ட கரண்டியால் பாத்திரத்தில் எடுக்கக் கூடாது, தண்ணீரைத் தூக்கித்தான் குடிக்க வேண்டும். நம் பாட்டிமார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தானாக வரும். அடுப்படிக்குள் அழைக்காமல் நுழையாதீர்கள். பிராமண, சேத்ரி சாதி வீடுகள் சிலவற்றில் மாதவிலக்கு நாளில் அடுக்களைப் பக்கம் வரக் கூடாது என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. விலக்கான பெண்களைத் தனிக் குடிசையில் ஒதுக்கிவைப்பதை 2017இல் சட்டம் போட்டுக் குற்றமாக்கியிருந்தாலும், வீட்டுக்குள் பார்க்கும் தீட்டு அப்படியே போய்விடவில்லை. உடன்பாடில்லாத வீட்டில் தங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. குருங் ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் இந்தச் சங்கடம் வராது.

இரண்டாவது வியட்நாமின் வட மலைப்பகுதி. இங்கே காட்சி பெரிது, சைவருக்குச் சோதனையும் பெரிது. இணையத்தில் விண்ணப்பிக்கும் விசாவை 2023 ஆகஸ்ட் முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒரு முறை நுழைவுக்குக் கட்டணம் 25 டாலர். சாப்பா என்ற ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில் தங்கும் வீடுகள் ஏராளம், ஆனால் பல இப்போது வீடு என்ற பெயரில் நடக்கும் விடுதிகள்தான். சற்றுத் தள்ளி ஹா ஜியாங் பகுதிக்குப் போவது நல்லது. 2025 ஜூலையில் அதைத் துயென் குவாங் மாகாணத்தோடு இணைத்துவிட்டாலும் மக்கள் வாயில் பழைய பெயர்தான். அங்கே ‘தாய்’ (Tày) என்ற இனத்தார் மரத்தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். மேலே ஒரே நீளமான கூடம். பலகைத் தளத்தில் பாய் அல்லது மெத்தை, கொசுவலை, நடுவே ஒரு துணித் திரை. தனியறை என்பது இல்லை. இரவில் யார் இருமினாலும் எல்லோருக்கும் கேட்கும். கூடத்தின் நடுவில் மூதாதையர் பீடம் இருக்கும். அதற்கு நேரே கால் நீட்டிப் படுக்காதீர்கள், அதன்மேல் துணி காயப்போடாதீர்கள்.

அங்கே நான் போனது செப்டம்பர் கடைசியில், அறுப்பு நடக்கும் போது. பணம் கொடுத்துத் தங்கியவன்தான் என்றாலும், சும்மா உட்கார்ந்திருக்கக் கூச்சப்பட்டு, இரண்டாம் நாள் அரிவாளை வாங்கிக்கொண்டு வயலில் இறங்கினேன். என் தாத்தா செய்யாறு பக்கத்தில் உழுதவர், நான் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவன். இந்த இரண்டில் எது என் கையில் இருக்கிறது என்பது கால்மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. தாளைப் பிடித்த கை மேலே, அரிவாள் அதற்கு மிக அருகில், அறுத்த கட்டு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். கட்டைப் பெரிய மரத்தொட்டியின் உட்பக்கத்தில் அடித்து நெல்லை உதிர்ப்பவர்களுக்குக் கட்டு ஒரே அளவாக இருக்க வேண்டும். என் கட்டுகள் பாதியில் பிரிந்து சிதறின. வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் என் கையிலிருந்து அரிவாளை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, என்னை மணிக்கட்டைப் பிடித்து வீட்டு வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, நெல் காயப்போட்டிருந்த தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரவைத்து, நீளமான மூங்கில் குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தார். கோழி விரட்டும் வேலை. ஐந்து வயதில் செய்யாற்றில் என் பாட்டி எனக்குக் கொடுத்த அதே வேலை. அரைமணிக்கு ஒரு முறை மரப்பலகையால் நெல்லைத் துழாவிவிட வேண்டும் என்று அவர் சைகையில் காட்டுவதற்கு முன்பே, நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் துழாவத் தொடங்கியிருந்தேன். அந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் தேறியவன் என்று அவர் ஏற்றுக்கொண்டார்; மீதி நான்கு நாளும் காலையில் குச்சி என் படுக்கை ஓரத்தில் தயாராக இருந்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அந்த நாட்டில் சைவம் என்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள் குறைவு, ஏனென்றால் பௌத்த வழக்கப்படி சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பௌர்ணமியிலும் சைவம் சாப்பிடுபவர்கள் நிறையப் பேர். நாம் அமாவாசைக்கு விரதம் இருப்பது போலத்தான். "தோய் ஆன் சாய்", அதாவது "நான் சைவம் சாப்பிடுகிறேன்" என்றால் விளங்கிவிடும். விளங்காதது இரண்டு. மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் நுவொக் மாம் என்ற சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி. அது மீன் என்ற எண்ணமே வராது. மலைப்பகுதியில் கீரையை வதக்குவது பன்றிக் கொழுப்பில். இந்த இரண்டும் வேண்டாம் என்பதை வீட்டில் இறங்கிய முதல் மணியிலேயே, முடிந்தால் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வியட்நாமிய மொழியில் எழுதிவைத்த சீட்டில் காட்டிவிடுங்கள். இலை முன்னால் உட்கார்ந்த பிறகு சொன்னால் சமைத்தவருக்கு மனம் நோகும். சொன்னால் டோஃபு, வள்ளல் கீரை, வேர்க்கடலைப் பொடி, சோறு என்று குறையில்லாமல் போடுவார்கள். இரவுச் சாப்பாட்டில் சோளத்திலோ அரிசியிலோ காய்ச்சிய சாராயம் சின்னக் கிண்ணங்களில் சுற்றிவரும். வேண்டாதவர் முதல் கிண்ணம் ஊற்றும் முன்பே மருந்து சாப்பிடுவதாகச் சொல்லித் தேநீரை உயர்த்திக் காட்டிவிடலாம். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இரண்டாவதை மறுப்பது நடக்காத காரியம்.

இந்த நாட்டில் தேதி மிக முக்கியம். சாப்பாவின் மேட்டு வயல்களில் ஆண்டுக்கு ஒரு போகம்தான்: மே, ஜூனில் தண்ணீர் கட்டி நடவு, செப்டம்பரில் அறுப்பு. டிசம்பரில் போனால் வெறும் மண்ணும் மூடுபனியும், அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பமும்தான் பார்க்கக் கிடைக்கும். ஜனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் வரும் தேத் என்ற புத்தாண்டில், அழைப்பில்லாமல் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். ஆண்டின் முதல் நாளில் வாசலை முதலில் மிதிப்பவரைப் பொறுத்துத்தான் அந்த ஆண்டு முழுவதும் அமையும் என்பது அவர்கள் நம்பிக்கை; அதற்கென்றே ராசியான ஒருவரைப் பார்த்து அழைத்துவைப்பார்கள். முதுகுப்பையோடு நீங்கள் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மற்ற நாடுகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் அக்ரிதுரிஸ்மோ என்ற பண்ணை வீடுகளுக்கு 1985 முதல் தனிச் சட்டமே உண்டு. நடத்துபவர் உண்மையான விவசாயியாக இருக்க வேண்டும், தங்கும் தொழில் விவசாயத்தை மிஞ்சக் கூடாது. நம் பணத்துக்குச் செலவு அதிகம், வீடுகளும் பெரும்பாலும் பஸ் போகாத இடத்தில். ஜப்பானில் உழவர் வீடுகள் ஒழுங்கில் முதலிடம், ஆனால் சூப்பிலும் குழம்பிலும் மாசிக் கருவாடு போன்ற சூரை மீன் துருவலை ஊறவைத்த சாறு இல்லாமல் அவர்களுக்குச் சமையல் வராது. முட்டையும் தொடாத உங்களுக்கு அதை இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

வீடு பிடிக்கும்போது கேட்க வேண்டியவை: வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா, தூங்கும் இடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் உண்டா, கழிப்பறை வீட்டை ஒட்டி இருக்கிறதா, அந்த வாரம் வயலில் என்ன வேலை. கடைசிக் கேள்விக்கு "எல்லா நாளும் எல்லாம் பார்க்கலாம்" என்று விடை வந்தால் அது விவசாய வீடாக இருக்காது. தனியாகப் போன பெண்கள் எழுதிய அனுபவங்களைத் தேடிப் படியுங்கள். எந்த ஊரானாலும் முதல் இரவைப் பக்கத்து நகரத்தில் கழித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் கிராமத்துக்குப் போங்கள். ஒரே வீட்டில் குறைந்தது நான்கு இரவு. முதல் இரண்டு நாள் உங்களை விருந்தாளியாக நடத்துவதிலேயே அவர்களுக்கும் உங்களுக்கும் போய்விடும்.

உடம்பைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். காலில் வெடிப்போ கீறலோ இருக்கும்போது சேற்று வயலில் இறங்காதீர்கள்; எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பின்னாளில் உகாண்டா, கென்யா என்று கிளம்பினால் மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மழைக்கால நேபாளத்தில் அட்டை உறுதி; பிய்த்து எடுக்காமல் உப்பைத் தூவுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நகத்தால் மெல்ல நெம்பி எடுப்பதே மேல்.

கையில் என்ன கொண்டுபோவது? நெய்ப் பலகாரம் வழியில் கசந்துவிடும். கோவில்பட்டி கடலை மிட்டாய் எந்த வெயிலையும் தாங்கும், மொழி தெரியாத பிள்ளைகளுக்கும் அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் கையில் நேரே கொடுக்காமல் வீட்டுப் பெரியவரிடம் கொடுங்கள். உங்கள் வீடு, தெரு, அம்மா, திருத்துறைப்பூண்டி வயல் ஆகியவற்றின் படங்களைப் போனில் வைத்திருப்பதோடு நான்கைந்தைப் பிரிண்ட் போட்டும் எடுத்துப்போங்கள். பேச்சுக்கு மொழி இல்லாத மாலைகளில் அந்தப் படங்கள் கை மாறிக்கொண்டே இருக்கும்.

இப்போது உங்கள் அம்மா. நேபாளத்தில் ஆஷாட மாதம் 15ஆம் நாளை நடவுத் திருநாளாகக் கொண்டாடுகிறார்கள். வயலில் சேறு வாரி அடித்துக்கொண்டு நாற்று நட்டு, தயிரும் அவலும் சாப்பிடுவார்கள். அவர்கள் ஆண்டும் நம் ஆண்டு போலச் சித்திரையை ஒட்டியே பிறப்பதால், அது நம் ஆனி 15ஐ ஒட்டி, ஜூன் 29 வாக்கில் வரும். மழைக்காலம், மலைச்சாலை சரியும், ஒரு நாள் பயணம் இரண்டு நாள் ஆகலாம். அதற்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள். விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும், சாப்பாடு பருப்பும் சோறும். முதல் வாரத்துக்கு அம்மாவையே கூட்டிக்கொண்டு போனால் என்ன? நீங்கள் இருவரும் சேர்ந்து இறங்கும் அந்த வயலில் நாற்று நடத் தெரிந்த விருந்தாளி அவராகத்தான் இருப்பார். உங்கள் கையில் மூங்கில் குச்சியைத்தான் கொடுப்பார்கள்.